வரலாற்றுப் புதினத்தில் உள்ளதும் இல்லதும்: பொன்னியின் செல்வன் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஒரு நாட்டு மக்கள் தம் முன்னோர் இன்னார், அவர்தம் பண்பு இன்னது என்று கொண்டுள்ள எண்ணம் வரலாற்று நூல்களால் மட்டும் அமைவதன்று. கல்வெட்டையும் செப்பேட்டையும் நேரிற் கற்பார் மிகச் சிலர். அவற்றின் வழி எழுந்த ஆராய்ச்சி நூல்களைப் பயில்வாரும் பலரல்லர். பெரும்பாலோர் தம் நாட்டின் பழமையைக் கதையாகவே அறிகின்றனர். முற்காலத்தே இப்பணியைக் காப்பியமும் பரணியும் உலாவும் கூத்தும் ஆற்றின. அச்சும் வார இதழும் பெருகிய பின்னர் வரலாற்றுப் புதினம் அதனை ஏற்றுக்கொண்டது.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சர் வால்டர் சுகாட் என்பார் 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்கோ' என்னும் புதினம், இங்கிலாந்தின் பழங்குடியினராகிய சாக்சானியர்க்கும் வென்று புகுந்த நார்மானியர்க்கும் இடையே நெடும்பகை நிலவியதாகக் காட்டிற்று. அதனைக் கற்று உளங்கொண்ட பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அகுசுத்தேன் தியெரி, 1825இல் தாம் வெளியிட்ட நார்மானிய வெற்றி வரலாற்றினை அப்பகையையே அடிப்படையாகக் கொண்டு எழுதினார். வரலாற்றினின்று புதினம் பிறத்தல் இயல்பு. ஈண்டுப் புதினத்தினின்று வரலாறு பிறந்தது. வங்கத்தில் பங்கிம் சந்திரர் 1882இல் நூலாக வெளியிட்ட 'ஆனந்தமடம்' பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்த சந்நியாசிகளின் கிளர்ச்சியைக் களனாகக் கொண்டது. நாட்டைத் தாயாகப் போற்றும் உணர்ச்சியை அத்துறவியர்பால் ஏற்றி உரைத்தவர் பங்கிமரே. பின்னர் அவ்வுணர்ச்சி இந்திய விடுதலைப் போரின் முழக்கமாயிற்று.

தமிழில் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' வரலாற்றுப் புதினத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் அவ்வகை நூல் தமிழ் மக்களின் தன்னுணர்வையே உருவாக்கும் ஆற்றல் பெற்றது கல்கி ரா. கிருட்டிணமூர்த்தி (1899-1954) அவர்கள் எழுதிய மூன்று புதினங்களாலேயாம். அவற்றுள் இறுதியானதும் பெரியதுமாகிய 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில் தொடர்ந்து வெளிவந்தது. இந்நூலில் உள்ளதும் இல்லதும் எவ்வாறு கலந்துள்ளன, அக்கலப்பினால் விளைந்த நாட்டுணர்வு எத்தகையது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நால்வகைப் பகுப்பு

உண்மையும் புனைவும் கலத்தலைக் குற்றமெனத் தமிழ்மரபு கொள்ளவில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் விரவி வருவதே புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் கொள்கை. பழைய உரையாசிரியர்கள் கூத்தின் கதைப்பொருளை விளக்குமிடத்து அதனை நால்வகைப்படுத்துவர். உள்ளோனைத் தலைவனாக வைத்து உள்ள பொருளைக் கூறல் ஒன்று. உள்ளோனைத் தலைவனாக வைத்து இல்லதனைக் கூறல் ஒன்று. இல்லோனைத் தலைவனாக வைத்து உள்ளதனைக் கூறல் ஒன்று. இல்லோனைத் தலைவனாக வைத்து இல்லதனைக் கூறல் ஒன்று. இப்பகுப்பு வரலாற்றுப் புதினத்தை ஆராய்வார்க்கு மிகவும் பயன்படுவதாம்.

ஆதித்த கரிகாலன் வீரபாண்டியனை வென்றதும் பின்னர்க் கொலையுண்டதும் முதல்வகையின்பாற்படும். வல்லவரையன் வந்தியத்தேவன் இரண்டாம் வகையைச் சார்ந்தவன். இராசராசனின் தமக்கையாராகிய குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதனைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. புதினத்தில் அவன் ஓலை கொண்டு செல்லுதலும் சுரங்க வழி புகுதலும் கடல் கடத்தலும் ஆகிய செயல்களனைத்தும் ஆசிரியர் படைப்பே. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் நான்காம் வகையினர். மூன்றாம் வகையாகிய, இல்லோன்மேல் உள்ளதனை ஏற்றிக் கூறலே இந்நூலின் உயிர்நிலை. அதனை உணர்தற்கு முதற்கண் உடையார்குடிக் கல்வெட்டினை நோக்குதல் வேண்டும்.

உடையார்குடிக் கல்வெட்டு

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரம் என்னும் சிவன்கோயில் உள்ளது. அதன் சுவரிற் காணப்படும் கல்வெட்டொன்று 1920இல் படியெடுக்கப்பெற்றது. இராசகேசரி ஒருவனது இரண்டாம் ஆட்சியாண்டிற்குரிய இக்கல்வெட்டு முதலாம் இராசராசன் காலத்ததெனக் கொள்ளப்படுகின்றது. அவன் 985இல் அரியணை ஏறினமையின் இதன் காலம் ஏறத்தாழ 987 ஆகும். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரை இது பெயர் சுட்டுகின்றது. அவர்தம் உடைமையும் உறவினர் உடைமையும் பறிமுதல் செய்யப்படுதல் வேண்டும் என்னும் அரசாணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு விடுக்கப்பெற்றது.

இக்கல்வெட்டு உரைப்பன இவையே. உரையாதன பல. கொலை நிகழ்ந்த இடம் யாது, கருவி யாது, காரணம் யாது, பின்னின்று தூண்டினார் எவரேனும் உளரோ என்னும் வினாக்களுக்கு இதில் விடையில்லை. நிலமும் மனையும் கைமாறுதலைப் பதிவு செய்வதே இதன் நோக்கம். கொலையை விரித்துரைத்தல் அன்று.

கல்கி இம்மௌனத்தினுள்தான் தம் கதையை அமைத்தார். பஞ்சவன் என்னும் சொல் பாண்டியனைக் குறிக்கும். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, கொலைஞரைப் பாண்டியனுக்கு உயிரீந்த ஆபத்துதவிகள் கூட்டத்தினராக்கினார். தம் மன்னனின் தலையைக் கொய்தவனைப் பழிவாங்குதலே அவர் நோக்கமெனக் காட்டினார். இக்கருத்து நடந்திருக்கக் கூடியதே. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சோழர் பாண்டியரை வென்றமையின் சிறப்பாகவும் பஞ்சவன் என்னும் சொல்லைப் பட்டங்களில் வழங்கினர். சோழர் குலத்து அரசியரே பஞ்சவன் மாதேவி என்னும் பெயர் பூண்டிருந்தனர். கொலைஞருள் மற்றொருவன் தாங்கிய இருமுடிச்சோழன் என்னும் அடைமொழி ஐயத்திற்கிடமின்றிச் சோழர்க்குரியது. ஆகவே, இவர்கள் சோழ அரசிற் பணிபுரிந்த உயர் அலுவலர் என்று கொள்ளுதற்கும் கல்வெட்டு இடந்தருகின்றது. அவ்வாறாயின் கொலையின் வேர் அரண்மனையினுள்ளேயே இருந்திருத்தல் கூடும். புதினம் அவ்வேரை நாட்டின் எல்லைக்கு அப்பால் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. அரண்மனைச் சூழ்ச்சியாளராகிய பழுவேட்டரையரும் சம்புவரையரும் அரசுரிமை குறித்து மாறுபட்டாரேயன்றிக் கொலையை விரும்பினாரல்லர். குற்றத்தின் பெரும்பங்கு தோற்ற நாட்டாரின் பழியுணர்ச்சியின்மேல் சுமத்தப்படுகின்றது.

ஒருவர் இருவரானமை

ஆதித்தன் இறந்தபின் அரியணை ஏறியவன் உத்தம சோழன் என்னும் மதுராந்தகன். இவன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியார்க்கும் மகன். ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டான். ஆதித்தனைக் கொன்றவர்பால் அரசன் நடவடிக்கை மேற்கொண்டமையைக் காட்டும் சான்று இராசராசன் ஆட்சியிலேயே கிடைப்பதால், உத்தமனுக்குக் கொலையில் பங்கு இருந்திருத்தல் கூடும் எனப் பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இயற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை உடன்படவில்லை. உத்தமனின் அன்னையார் இராசராசன் ஆட்சியிலும் பெருமதிப்புடன் வாழ்ந்தார். உத்தமனின் மகனாகிய மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனிடம் உயர் பணியில் அமர்ந்தான். இராசேந்திரனுக்கே மதுராந்தகன் என்னும் பெயர் உண்டு. தன் தமையனைக் கொல்வித்தவன் பெயரை ஒருவன் தன் மகனுக்கு இடுதல் அரிது. இவ்வாறு இருபக்கத்தும் சான்றுகள் உள. இவ்வழக்கு இன்றும் முற்றத் தீர்ந்ததாகக் கொள்ளுதற்கில்லை.

திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி இதற்கு மேலும் சுவையூட்டுகின்றது. ஆதித்தன் மறைந்தபின் குடிமக்கள் அருண்மொழியை அரசேற்குமாறு வேண்டினர் என்றும், தன் சிறிய தந்தை நாட்டை விரும்பியிருக்கும்வரை தான் அதனை மனத்தாலும் விரும்புவதில்லை என அவன் மறுத்தான் என்றும் அது கூறுகின்றது. இச்செப்பேடு அருண்மொழியின் மகன் இராசேந்திரனால் வழங்கப்பெற்றது. மகன் அவையினர் தந்தையைப் பற்றி எழுதிய புகழுரை என்பதனை ஆராய்வார் மறத்தலாகாது.

கல்கிக்கு இருந்த இடர்ப்பாடு இப்பொழுது புலப்படும். உத்தமன் மண்ணாசை மிக்கவன் எனச் செப்பேடு குறிப்பால் உணர்த்துகின்றது. அவனே செம்பியன் மாதேவியாரின் மகன். பெருந்தீங்கு செய்யாதவன் எனவும் தோன்றுகின்றான். ஒரு கதைமாந்தனிடத்தே இவ்விரண்டனையும் அடக்கல் அரிது. கல்கி அவனை இருவராக்கினார். மண்ணாசை முழுவதனையும் மதுராந்தகன் என்பானுக்கு அளித்து, அவன் கண்டராதித்தருக்குப் பிறந்தவனே அல்லன் எனக் காட்டிக் கதையினின்று அகற்றினார். பூத்தொடுத்துப் பாடித் திரியும் சேந்தன் அமுதனைச் செம்பியன் மாதேவியாரின் உண்மை மகனாக்கி, உத்தம சோழன் என்னும் பெயரில் முடிசூட்டினார். உத்தமன் முடிசூடியது உள்ளது. சேந்தன் அமுதன் இல்லோன். இல்லோன் தலைவனாக உள்ளதனைப் புணர்த்தல் என முன்னோர் கூறியது இதுவே. வரலாற்றறிஞர் இருவரின் மாறுபட்ட முடிபுகளை ஒரே கதைக்குள் இரண்டும் பொய்யாகாவண்ணம் அமைத்த இத்திறன் வியக்கத்தக்கது.

இவ்வமைப்பினால் வரலாறு இழந்ததும் ஒன்றுண்டு. உண்மை உத்தமனைப் பற்றிய வினா வாசகர் உள்ளத்தினின்று அறவே நீங்கிவிடுகின்றது. அருண்மொழி விட்டுக்கொடுத்தது ஆசையுடைய ஓர் உறவினனுக்கா, ஆசையற்ற ஓர் அடியவனுக்கா என்பது சிறு வேறுபாடன்று. முன்னையதாயின் அஃது அரசியல் உடன்படிக்கை எனவும், உள்நாட்டுப் போரைத் தவிர்த்த சூழ்வினை எனவும் கொள்ளப்படும். பின்னையதாயின் தூய தியாகம் ஆகும். புதினத்தின் ஐந்தாம் பகுதிக்குத் 'தியாக சிகரம்' எனப் பெயரிட்ட ஆசிரியர்க்குப் பின்னையதே வேண்டுவதாயிற்று.

காலத்தின் முத்திரை

இத்தியாகம் பத்தாம் நூற்றாண்டுக்கு உரியதா, ஆசிரியர் வாழ்ந்த காலத்துக்கு உரியதா? கல்கி விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர்; திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராசாசியுடன் 'விமோசனம்' இதழிற் பணியாற்றியவர். அவருடைய 'பார்த்திபன் கனவு' 1941 முதல் 1943 வரை வெளிவந்தது. பல்லவர்க்குத் திறை செலுத்தும் இழிவு நீங்கிச் சோழநாடு தனிநாடாதல் வேண்டும் என்று ஒரு மன்னன் காணும் கனவே அதன் பொருள். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் நிகழ்ந்த 1942ஆம் ஆண்டில் அக்கனவினைத் தமிழர் எவ்வாறு பொருள்கொண்டிருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும். பார்த்திபனும் அவன் மகன் விக்கிரமனும் புனைந்த மாந்தர். வரலாற்றில் சோழர் மீண்டும் தலைதூக்கியது ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் காலத்தில்தான்.

'பொன்னியின் செல்வன்' தொடங்கிய 1950ஆம் ஆண்டிலோ நாடு குடியரசாகியிருந்தது. 1951-52இல் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அடிமை நீங்குதல் எவ்வாறு என்னும் வினா மறைந்து, கிடைத்த ஆட்சியை யார் எவ்வகையில் ஏற்பது என்னும் வினா எழுந்த காலம் அது. முடிசூட்டு மண்டபத்தில் எல்லாரும் வாழ்த்தி நிற்க, அருண்மொழி மணிமுடியை எடுத்துத் தன் தலையிற் சூடாது மற்றொருவன் தலையில் வைக்கின்றான். இக்காட்சியை ஓர் அறமாகப் புதிய குடியரசின் வாசகர்முன் ஆசிரியர் வைத்தார். சோழப் பேரரசின் பெருமை படையாலும் கடல் கடந்த வெற்றியாலும் அமைந்தது எனக் கற்றிருந்தவர்க்கு, பதவியைத் துறக்கும் ஆற்றலே அப்பெருமையின் வித்து என அவர் கூறினார். தமிழரின் பழம்பெருமையும் காந்தியத்தின் துறவறமும் ஒரே இளைஞனிடத்து ஒன்றின. தமிழராயிருத்தலும் இந்தியராயிருத்தலும் தம்முள் முரணாதவை என்னும் உணர்ச்சியை எந்த மேடைப்பேச்சினும் திறம்பட இக்காட்சி ஊட்டிற்று எனலாம்.

ஈழநாட்டுப் பகுதி

இனி, இந்நாட்டுணர்வின் மறுபக்கத்தையும் காண்டல் வேண்டும். புதினத்தில் இளவரசன் அருண்மொழி ஈழத்துக்குப் படைத்தலைவனாகச் செல்கின்றான். ஆங்குக் குடிமக்களுக்குத் தீங்கு நேராவண்ணம் காக்கின்றான். சிதைந்த புத்த விகாரங்களைப் பழுதுபார்ப்பிக்கின்றான். புத்த சங்கத்தார் ஈழத்து அரசையே அவனுக்கு அளிக்க முன்வர, அதனையும் மறுக்கின்றான். தியாக சிகரத்தை நோக்கிய முதற்படியாக இஃது அமைந்துள்ளது.

வரலாறு காட்டுவது வேறு. சுந்தர சோழன் காலத்து ஈழப்போரில் கொடும்பாளூர்ச் சிறிய வேளான் மாண்டான். இளவரசன் அருண்மொழி அக்காலத்தே ஆங்கிருந்தமைக்குச் சான்றில்லை. அவன் இராசராசனாக முடிசூடிய பின்னர், ஏறத்தாழ 993இல், சோழர்படை ஈழத்தின்மேற் சென்றது. நெடுங்காலம் தலைநகராக விளங்கிய அனுராதபுரம் அழிவுற்றது. பொலன்னறுவை சோழரின் ஆட்சியிடமாயிற்று. இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொணரப்பட்டான். சோழர் படையினர் விகாரங்களை உடைத்துப் பொருள் கவர்ந்தனர் என ஈழத்தின் சூளவம்சம் துயருடன் குறிக்கின்றது. அந்நூல் பௌத்தத் துறவியரின் பார்வையில் எழுந்தது. அதனையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். எனினும் அனுராதபுரத்தின் வீழ்ச்சியை மறுப்பார் இலர்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரினை இறையிலியாக வழங்கியதும் உண்மையே. இச்செய்தியை லெய்டன் நகரிலுள்ள பெரிய செப்பேடு தருகின்றது. இராசராசனின் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டாகிய 1006ஐ ஒட்டிய அக்கொடை, கடாரத்தரசன் எழுப்பிய விகாரத்துக்கு அளிக்கப்பெற்றது. ஒரே வேந்தன் ஓரிடத்தில் விகாரத்துக்கு நிலம் ஈந்தான். அவன் படை மற்றோரிடத்தில் விகாரம் நிறைந்த நகரினை வீழ்த்திற்று. நாகையிற் கொடையும் ஈழத்திற் போரும் வணிகம், கடல்வழி, அரசியல் என்பவற்றின் தேவைக்கேற்ப அமைந்தன. புதினம் நாகைக் கொடையின் நெஞ்சத்தை இளவரசனுக்கு அளித்து, அதனையே ஒரு தலைமுறை முன்னதாக ஈழத்திலும் செயற்படச் செய்தது. இருபதாண்டு கழித்து நிகழ்ந்த அழிவு கதையின் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது.

இதனைப் பொய் எனல் பொருந்தாது. கதை முடியும் காலத்துக்குப் பின் நிகழ்வதனை உரைக்குமாறு ஆசிரியரைக் கட்டாயப்படுத்தல் இயலாது. ஆயினும் எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என வரையறுத்தலே வரலாற்றுப் புதின ஆசிரியரிடத்துள்ள பேராற்றல் என்பது இதனாற் பெறப்படும். நாட்டுணர்வு உருவாதல் இல்லதனைச் சேர்த்தலால் மட்டும் நிகழ்வதன்று. உள்ளதனுள் ஒரு பகுதியைக் கதைக்கு வெளியே நிறுத்துதலாலும் அது நிகழ்கின்றது. ஆராய்வார் முன்னதனை எளிதிற் கண்டுகொள்வர். பின்னதனைக் காண்டற்குச் சான்றுகளைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.

முடிபுரை

கல்கி தம் கடமையினின்று வழுவினார் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவர் கல்வெட்டுகளையும் ஆராய்ச்சி நூல்களையும் கதையினிடையே சுட்டுகின்றார். ஆதித்தனைக் கொன்ற கை இன்னாரது என முற்றத் துணிந்து கூறாமல் ஐயமாகவே விடுத்துள்ளார். சான்று நின்ற இடத்தில் தாமும் நின்ற இவ்வடக்கம் போற்றத்தக்கது. அவருக்குப் பின்வந்த வாசகர் அவ்வெல்லையில் நின்றாரல்லர். மக்களுக்கு அருண்மொழி, வானதி, குந்தவை எனப் பெயரிடும் வழக்கம் பெருகியதற்கு இப்புதினமும் ஒரு காரணமாம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் இக்கதை இரு பகுதிகளாகத் திரைப்படமாக வந்தபோது, நந்தினி உண்மையில் வாழ்ந்தவளா என்பதும் சோழன் அறம் எத்தகையது என்பதும் வீடுதோறும் பேசப்பெற்றன. அப்பேச்சுகளிற் பல கல்வெட்டினை வினவாமல் கதையையே சான்றாகக் கொண்டு நிகழ்ந்தன.

இந்நிலையில் தமிழ்த்துறை ஆராய்ச்சியாளர்க்கும் மாணவர்க்கும் உரிய பணி ஒன்றுண்டு. புதினத்தைப் பிழைதிருத்தும் கண்ணோடு மட்டும் நோக்கின் அதன் இலக்கியப் பயன் கெடும். வரலாறாகவே ஏற்பின் வரலாறு கெடும். உடையார்குடிக் கல்வெட்டு, திருவாலங்காட்டுச் செப்பேடு, சூளவம்சம் ஆகியவற்றைப் புதினத்தோடு அருகருகே வைத்து, நால்வகைப் பகுப்பினுள் எது எவ்விடத்ததென வரையறுத்துக் கற்பித்தல் வேண்டும். அங்ஙனம் கற்ற மாணவன், அருண்மொழியின் தியாகத்திற் பத்தாம் நூற்றாண்டைக் காண்பதோடு 1950ஆம் ஆண்டின் தமிழகத்தையும் காண்பான். தன் முன்னோர் தியாகமும் செய்தனர், நகரங்களையும் அழித்தனர் என்னும் இரண்டனையும் ஒருங்கே ஏற்கும் உள்ளம் அவனுக்கு வாய்க்கும். அத்தகைய உள்ளத்தின்மேல் எழுந்த நாட்டுப்பற்று, புதிதாக ஒரு கல்வெட்டு வெளிப்படும்பொழுது அஞ்ச வேண்டியதில்லை.

புதினத்தின் முதற் காட்சி ஆடித் திங்கள் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகின்றது. கொலைஞரின் பெயர் பொறித்த அனந்தீசுவரம் அவ்வேரிக்கு அணித்தேதான் உள்ளது. வந்தியத்தேவன் குதிரை சென்ற கரையைக் காண வருவோர் சிறிது தொலைவு நடந்து அச்சுவரினையும் கண்டு செல்வாராயின், கல் எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கின்றது என்பதனையும், அக்குறைவினின்று ஒரு புலவன் எத்துணைப் பெரிய உலகத்தைப் படைத்தான் என்பதனையும் நேரே உணர்வர்.